ஆங்கிலம் விழுங்கும் உயிர்கள்

ஃபோட்டோகிராஃப் என்று ஓர் ஆங்கிலேயரைச் சொல்லச் சொன்னால் முதல் அசை ஓங்கி ஒலிக்கும். ஃபோட்டோகிராஃபர் என்று சொல்லச் சொன்னால் அவர் வாயில் வருவது 'ஃபடாக்ரஃபர்'. சற்றுமுன் கம்பீரமாக இருந்த 'ஃபோ' கரைந்துவிட்டது. இருக்குமிடம் தெரியாமல் இருந்த இரண்டாம் அசை நிமிர்ந்துவிட்டது. ஃபோட்டோகிராஃபிக் என்றால் அழுத்தம் மூன்றாம் அசைக்குத் தாவுகிறது. எழுத்தைப் பார்த்தால் எதுவும் நடந்ததாகவே தெரியாது.

நாம் இந்த மூன்றையும் ஏறக்குறைய ஒரே ஏற்றத்தில் சொல்லிவிடுவோம். தமிழ்க் காதுக்கு ஒவ்வோர் எழுத்தும் தன் முழு உருவில் ஒலிப்பதுதான் திருத்தமான உச்சரிப்பு. ஆங்கிலத்தில் கதை வேறு. அங்கே ஓர் அசை ஓங்க வேண்டுமானால் பக்கத்து அசை தேய வேண்டும்.

தேய்ந்த உயிருக்கு ஒலியியலில் ஷ்வா என்று பெயர். நாக்கு மேலும் கீழும் போகாமல் வாயின் நடுவே சும்மா கிடக்க, உதடு குவியாமலும் விரியாமலும் இருக்க, அப்போது வருகிற ஒலி. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இதுதான். வேடிக்கை என்னவென்றால், 26 எழுத்துகளில் இதற்கென்று ஒன்றுகூடக் கிடையாது. அபவுட்டின் முதல் உயிர், டேக்கன், லெமன், சர்க்கஸ் ஆகியவற்றின் கடைசி உயிர் என எழுதும்போது நான்கு வெவ்வேறு எழுத்துகள்; பேசும்போது எல்லாம் ஷ்வாதான். நம்மிடமும் தேய்ந்த உயிர் உண்டு. 'நாடு', 'பாக்கு' என்பவற்றின் ஈற்றில் வரும் உகரத்துக்குக் குற்றியலுகரம் என்று பெயரும் அரை மாத்திரை என்று அளவும் தொல்காப்பியத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலம் அந்த வேலையை அகராதிக்காரர்களிடம் விட்டுவிட்டது.

அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது என்றுதான் பலரும் நினைக்கிறோம். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் இருந்த டென்னிஸ் ஃப்ரை 1955இல் இதைச் சோதித்தார். பெயர்ச்சொல்லானால் முதலசையிலும் வினைச்சொல்லானால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும் ஆப்ஜெக்ட் போன்ற சொற்களை இயந்திரக் குரலில் உருவாக்கி, உயிர்களின் நீளத்தையும் உரப்பையும் தனித்தனியே கூட்டிக் குறைத்துக் கேட்கவைத்தார். கேட்டவர்களின் முடிவை அதிகம் மாற்றியது உரப்பு அல்ல, நீளம். குரலின் ஏற்ற இறக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்பதைச் சில ஆண்டுகளில் அவரே காட்டினார். மேடையில் மேசையைக் குத்திப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டு அசைகளை ஏற்றியும் தேய்த்தும் ஆங்கிலம் சாதிப்பது என்ன? பேச்சில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளி கிடையாது; ஒலி ஒரே ஓட்டமாகத்தான் வருகிறது. சொல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஆங்கிலக் காது அழுத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது நல்ல உத்திதான். இயல்பான ஆங்கில உரையாடலில் பொருள் தரும் சொற்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு முழு உயிர் கொண்ட வலுவான அசையில்தான் தொடங்குகின்றன என்று ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இந்த உத்தி எந்த வயதில் வருகிறது தெரியுமா? ஏழரை மாதத்தில். அமெரிக்காவில் பீட்டர் ஜூசிக்கும் அவருடைய குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், அந்த வயதுக் குழந்தைகள் கிங்டம் போன்ற முதலசை அழுத்தச் சொற்களைப் பேச்சோட்டத்திலிருந்து சரியாகப் பிரித்தெடுத்தன. கிட்டார் என்பதில் ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில். அதற்குப் பின்னால் எப்போதும் 'இஸ்' வருமாறு வாக்கியங்களை அமைத்துக் கேட்கவைத்தால், குழந்தைகள் 'டாரிஸ்' என்றொரு சொல் இருப்பதாக எடுத்துக்கொண்டன! பத்தரை மாதம் ஆவதற்குள் இந்தக் குழப்பம் தெளிந்துவிடுகிறது. ஒரு சொல்லும் பேசத் தெரியாத பிள்ளை, தாய்மொழியின் தாளத்தைக் கற்று, அதை வைத்து ஊகித்து, ஊகத்தைத் திருத்தியும் கொள்கிறது.

பெரியவர்களிடம் இந்த அறிவு விதியாகவே உறைந்திருக்கிறது. ஆங்கிலேயர்கள் எரிச்சலில் அப்சொலூட்லி என்ற சொல்லின் நடுவில் 'பிளடி'யைச் செருகி, 'அப்சொ-பிளடி-லூட்லி' என்பார்கள். செருகும் இடம் அழுத்தமான அசைக்குச் சற்று முன். வேறிடத்தில் செருகினால் சிரிப்பார்கள். எந்தப் பள்ளியிலும் சொல்லித்தராத இந்த வசவு இலக்கணத்தை மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி 1982இல் ஒரு முழுக் கட்டுரையாகவே ஆராய்ந்தார்.

கவிதையும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. 3,182 அடிகள் கொண்ட பழைய ஆங்கிலக் காவியம் பேவுல்ஃபில் அடிக்கு நான்கு அழுத்தங்கள். இடையில் வரும் மெலிந்த அசைகள் கூடலாம், குறையலாம். அடியைக் கட்டிப்போடுவது மோனை. நம் மோனை சீரின் முதலெழுத்தைப் பார்க்கும். அவர்களுடையது அழுத்தம் விழும் அசையைப் பார்க்கும். சொல்லின் முன்னொட்டு மெலிந்திருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த அசையில் மோனை அமையும். நம் யாப்பில் நேரசை, நிரையசை பிரிக்கக் குறில், நெடில், ஒற்று ஆகியவை போதும். அழுத்தம் கணக்கிலேயே வராது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்களும் பிரெஞ்சுச் செய்யுள் முறையும் உள்ளே வந்தன. 14ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி சாசர், மெலிவும் வலிவும் மாறி மாறி ஐந்து முறை வரும் பத்தசை அடியை ஆங்கிலத்தில் நிலைநாட்டினார். அவர் 1400இல் இறந்தார். அவருடைய சந்தமும் வெகு சீக்கிரத்தில் தொலைந்துபோனது.

ஏன் என்பது சுவையான கதை. ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகள் பழங்காலத்திலேயே அழுத்தத்தைச் சொல்லின் முன்பக்கத்தில் குவித்துவிட்டன. அதனால் ஈற்றசைகள் நலிந்தன. பழைய ஆங்கிலத்தில் 'நமா' என்றிருந்த சொல், சாசர் காலத்தில் ஈற்றில் ஷ்வாவோடு 'நாம' என ஈரசையாக ஒலித்தது. பின்னர் அந்த ஷ்வாவும் உதிர்ந்து இன்றைய 'நேம்' ஆயிற்று. ஈற்றில் எழுதும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து மட்டும் மிச்சம். அடுத்த தலைமுறைகள் அந்த ஈற்றை ஒலிக்காமல் சாசரைப் படித்தபோது பல அடிகளில் அசை குறைந்தது.

1700இல் கவிஞர் ஜான் டிரைடன், தன் நூல் ஒன்றில் சாசரைப் போற்றிய அதே முன்னுரையில், அவருடைய ஆயிரக்கணக்கான அடிகள் அரைச்சீர் குறைந்து நொண்டுகின்றன என்று எழுதினார். அடிக்குப் பத்தசை இருக்கத்தான் செய்கிறது, குறை நம் காதில்தான் என்று சொல்லியிருந்த ஒரு பதிப்பாசிரியரை அவர் கேலியும் செய்தார். கேலிக்கு ஆளானவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. 1775இல் சாசரின் கான்டர்பரி கதைகளைப் பதிப்பித்த தாமஸ் டிர்விட், ஈற்று உயிரை ஒலித்தால் அடி நேராகிவிடும் என்று நிறுவினார். எல்லா இடத்திலும் ஒலிக்கக் கூடாது. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த ஈறு பொதுவாக மறைந்துவிடும். நாடு + ஆளும் = நாடாளும் என்று உகரம் கெடுவதைப் படித்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஒரு மகாகவியைச் சந்தம் தெரியாதவராக்க அரை மாத்திரை போதுமானதாக இருந்திருக்கிறது.

நம் வகுப்பறைகளில் ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லித் தருகிறோம், பொருள் சொல்லித் தருகிறோம், அழுத்தத்தை விட்டுவிடுகிறோம். உச்சரிப்புக் குறி தரும் பெரும்பாலான அகராதிகளில் அழுத்த அசைக்கு முன்னால் ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். ஆசிரியர்கள் புதுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போது அந்தக் கோட்டையும் சேர்த்தே எழுதிப் போடுங்கள்.