முகப்பூச்சும் பாதரசமும்

மேனியை அழகு செய்தல் மக்களினத்தோடு பிறந்த விருப்பமாகும். மஞ்சள் பூசி நீராடுதலும், சந்தனம் அணிதலும், கண்ணுக்கு மை தீட்டுதலும் நம் முன்னோர் கண்ட வழக்கங்களே. ஆதலின் ஒப்பனையைப் பழித்தல் நமது கருத்தன்று. பூசும் பொருளில் யாது கலந்துள்ளது என்பதை அறியாது பூசுதலையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

பேலியகொடையில் நமது அயல்வீட்டுப் பெண்ணொருத்தி, திருமணத்துக்கு முன் நிறம் வெளுக்க வேண்டுமென்று சிறு டப்பியொன்றை வாங்கி வந்தாள். அதன்மேல் செய்தவர் பெயருமில்லை, சேர்மானங்களின் விவரமுமில்லை. “பூசும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்” என்று மட்டும் கடைக்காரர் சொல்லியனுப்பினாராம். பாதரசம் பொன்னோடு கூடி அதனை வெளுக்கச் செய்யும் என்பதைக் கொழும்புச் செட்டியார் தெருப் பொற்கொல்லர் நன்கறிவர். இத்தகைய எச்சரிக்கை பாதரசம் கலந்திருப்பதற்கு அடையாளமாகலாம் என உலகச் சுகாதார நிறுவனமும் கூறுகின்றது. பொன்னுக்கு ஆகாததென விலக்கிய ஒன்று முகத்துக்கு மாத்திரம் ஆகுமோ?

பாதரச உப்புக்கள் நிறத்தை வெளுக்கச் செய்யும் விதத்தையும் நோக்குவோம். நமது தோலுக்கு நிறந்தருவது மெலனின் என்னும் பொருள். அதனை ஆக்குதற்குத் துணைபுரியும் நொதியத்தைப் பாதரசம் தடுத்துவிடுகின்றது. நிறம் குறைகின்றது, கண்ணாடி முன் நிற்பவர் மகிழ்கின்றார். ஆனால், தோலினூடு உட்புகுந்த பாதரசம் சிறுநீரகத்தைச் சென்றடைந்து அதனைப் பழுதாக்குகின்றது. நரம்புகளும் தளர்கின்றன. பூசியவரின் உடலிலிருந்தும் துவாய் முதலியவற்றிலிருந்தும் அது வீட்டிலுள்ள குழந்தைகளையும் சென்று பற்றக்கூடும்.

இது வெறும் அச்சுறுத்தலன்று. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 யூலை முதல் 2023 செப்ரெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுற்ற 22 பேரை மருத்துவர் ஆராய்ந்தனர். அவருள் 15 பேரிடம் அந்நோயின் அரியதொரு வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் நிறம் வெளுக்கும் பூச்சுக்களைப் பயன்படுத்தியவர்கள். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலமடைந்தனர் என்பது ஆறுதலான செய்தி.

யப்பானிய மினமாட்டா நகரில் பாதரசத்தால் விளைந்த பேரவலத்தின் பெயரால் 2013 இல் உலக உடன்படிக்கையொன்று உருவாயிற்று. இலங்கை 2017 இல் அதிற் சேர்ந்தது. ஒப்பனைப் பொருள்களிற் பத்து இலட்சத்தில் 1 பங்குக்கு மேற்பட்ட பாதரசத்தை 2020 உடன் ஒழிக்க அது விதித்தது. 2023 இல் அச்சிறு விலக்கும் நீக்கப்பட்டது. எனினும் சட்டத்தின் கண் படாத மூலைகளிற் பெயரற்ற டப்பிகள் விலைபோகின்றன. வாங்குவோர் விழிப்பே இறுதிக் காவல்.

ஆதலின் பழைய மாணவர்களே, மாணவச் செல்வங்களே! செய்தவர் பெயரும் சேர்மானமும் இல்லாத பூச்சை வாங்காதீர்கள். ‘கலோமல்’, ‘மேர்க்குரிக் அயடைட்’, ‘மேர்க்கூரியோ’ என்னும் சொற்களைக் கண்டால் விலக்குங்கள். முன்னரே பூசியவர்க்குக் கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தோன்றின், மருத்துவரிடம் டப்பியையும் கொண்டு செல்லுங்கள்.

அயல்வீட்டுப் பெண்ணிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அவள் டப்பியை ஒதுக்கிவிட்டு, தன் இயல்பான நிறத்தோடே மணவறை ஏறினாள். அன்று மோதிரத்தைக் கழற்ற வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.