கொண்டையராஜுவை வகுப்பறைக்குக் கொண்டுவருவது

"ஒரு ஓவியர் பேரு சொல்லுங்கடே" என்று கேட்டால் பிக்காசோ வரும், ரவிவர்மா வருவார். சி.கொண்டையராஜு (1898–1976) வர மாட்டார். இத்தனைக்கும் அவர் வரைந்த முருகனும் லட்சுமியும் பிள்ளைகள் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறார்கள்.

சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதப் போய், 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அப்போது கோவில்பட்டி நம்ம திருநெல்வேலி ஜில்லா, 1986இல்தான் பிரிந்தது. பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். அவர் படங்கள் காலண்டராகி ஊரெல்லாம் போயின.

வகுப்பில் என்ன செய்யலாம்? பழைய காலண்டர் ஒன்று போதும். முதலில் சாமியை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாமரைத் தடாகம், மலை, பளிங்குப் படிக்கட்டு. அம்பாசமுத்திரத்துப் பிள்ளைக்கு மலையும் தண்ணியும் அதிசயமில்லை. ஆனால் வரைந்தவர் இருந்தது மானம் பார்த்த கரிசல் பூமி. அப்போ இந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது? நாடகப் படுதாவை அங்கேதான் பேச்சில் கொண்டுவர வேண்டும். அரைமணி நேரம் இதிலேயே ஓடட்டும், தப்பில்லை.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி. ஆப்செட் அச்சு என்றால் முருகன் முகம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாக உடைந்துபோகும். நிறக்கலப்புப் பாடத்தை இதைவிட லேசாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கீழே மூலையில் கையெழுத்தையும் தேடுங்கள். சில படங்களில் அவரோடு சீடர் டி.எஸ்.சுப்பையாவின் பெயரும் இருக்கும். குருவும் சீடரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் படம் யாருடையது? பிள்ளைகள் இதற்கு நன்றாகவே சண்டை போடுவார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. சாமி படத்தை வகுப்பில் மாட்டினால் அது பூஜையறை ஆகிவிடும் என்ற தயக்கம் நியாயமானது. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் மாட்டவே வேண்டாம், மேசையில் கிடத்துங்கள். வேளாங்கண்ணி மாதா, மெக்கா படம் போட்ட கடைக் காலண்டர்களையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வரைந்தது யார், அச்சடித்தது எங்கே, காசு கொடுத்த கடை எது என்று எல்லாவற்றிடமும் அதே மூன்று கேள்வி. சில காலண்டரில் முதல் கேள்விக்குப் பதிலே இராது. அதையும் நோட்டில் எழுதட்டும்.

இதை டிசம்பரில் செய்வது நல்லது. ஜனவரி பிறந்தால் பழசெல்லாம் பரணுக்கோ அடுப்புக்கோ போய்விடும்.