அரிவாட்பிடி கடைதல்

அறுவடையின்போது அரிவாட்பிடி கழன்று ஆட்கள் கையில் வெட்டுண்பதற்கு ஈரமரமும் ஒரு காரணமாகும். ஈரத்துடன் கடைந்த பிடி உலர்ந்ததும் சுருங்கும், பூண் தளரும், அலகு ஆடும். ஆகையால் கருவேல மரத்தைப் பிளந்து, நிழலில் சில மாதங்கள் உலர்த்திய பின்னரே கடைசல் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். மரத்தின் ரேகை பிடியின் நீளவாட்டில் ஓடுதல் அவசியம்.

உளிதாங்கியை மரத்திற்கு அருகில் நிறுத்தி, மரம் இடிக்காமல் சுழல்கிறதா எனக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்த பின்பே இயந்திரத்தை ஓட்டுக. வழவழப்பாக்குங்கால் உளிதாங்கியை அகற்றிவிட்டு, முதலில் முரட்டு உப்புத்தாளையும் பின்னர் மெல்லியதையும் உபயோகிக்கலாம்.

பிடியின் முனையைத் தேய்ப்பதற்கு, உப்புத்தாள் ஒட்டிய வட்டத்தகட்டை இயந்திரத்தில் பொருத்துக. கீழ்நோக்கிச் சுழலும் பாதியிலேயே முனையை வைத்தல் வேண்டும். மறுபாதி மரத்தைத் தூக்கி எறிந்துவிடும். தொங்கும் மேல்துண்டுடன் இயந்திரத்தை அணுகலாகாது.