ஆத்திகா பின்த் ஸைத் (ரலி): ஒரு கைம்பெண்ணின் நிபந்தனைகள்

ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் உடலில் மூன்று வாள்வெட்டுத் தழும்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்று தோளில் ஆழப் பதிந்திருந்தது. சிறுவராக இருந்தபோது அத்தழும்புக் குழிகளில் விரல்களை நுழைத்து விளையாடியதை அவர்தம் மைந்தர் உர்வா (ரஹ்) பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது. பத்ரிலும் (ஹி. 2 / கி.பி. 624) யர்மூக்கிலும் (ஹி. 15 / கி.பி. 636) பெற்ற காயங்கள் அவை.

இத்தழும்புகளைத் தாங்கிய வீரரின் கரம் பற்றினார் ஒரு கைம்பெண். போர்க்காயமும் கொலைவாளும் ஏற்கெனவே அவரிடமிருந்து இரு கணவர்களைப் பறித்திருந்தன. அவரே ஆத்திகா பின்த் ஸைத் (ரலி). இவரது மணவாழ்வை இப்னு அப்துல் பர்ருவின் ‘அல்இஸ்தீஆப்’, இப்னு ஹஜரின் ‘அல்இஸாபா’ போன்ற நபித்தோழர் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அவற்றின் எல்லாச் செய்திகளும் ஒரே தரத்தின அல்ல. எனினும் அவை காட்டும் சித்திரம் சிந்தனைக்குரியது.

ஆத்திகாவின் தந்தை ஸைத் இப்னு அம்ரு, நபித்துவத்திற்கு முன்பே சிலை வணக்கத்தை வெறுத்து ஓரிறையைத் தேடியவர். உயிரோடு புதைக்கப்படவிருந்த பெண் குழந்தைகளைக் காத்தவர். சுவனத்து நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவரான ஸஈத் இப்னு ஸைத் (ரலி) இவருடைய சகோதரர். அழகும் அறிவும் கவித்திறனும் ஒருங்கே அமைந்தவர் ஆத்திகா.

இவரை மணந்தவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ். ஹிஜ்ரத்தின்போது தவ்ர் குகைக்கு மக்காவின் செய்திகளை இரவில் கொண்டு சேர்த்த இளைஞர் அவர்தாம். மனைவி மீது கொண்ட பேரன்பால் அவர் போர்க்கடமைகளையும் மறப்பதைக் கண்ட தந்தை, மணவிலக்கு அளிக்கப் பணித்தார். மகன் பணிந்தார்; ஆனால் பிரிவாற்றாது கவிதைகளில் புலம்பினார். அதைச் செவியுற்ற அபூபக்ர் (ரலி) மனமிரங்கி மனைவியை மீட்டுக்கொள்ள இசைந்தார். பின்னர் ஹி. 8இல் தாயிஃப் முற்றுகையின்போது அப்துல்லாஹ் மீது அம்பு தைத்தது. ஆறியதுபோல் தோன்றிய புண் மீண்டும் வெடித்து, ஹி. 11இல் அவர் உயிர் நீத்தார். ஆத்திகா அவருக்காக இரங்கற்பா பாடினார்.

கணவர் தம் சொத்தில் ஒரு பகுதியை அவருக்கு அளித்திருந்தார். தமக்குப் பின் வேறொருவரை மணக்கலாகாது என்பதே நிபந்தனை. அதற்கேற்ப, தம்மை மணக்க விரும்பியோரை எல்லாம் ஆத்திகா மறுத்து வந்தார். இறைவன் ஆகுமாக்கியதைத் தனக்குத்தானே தடுத்துக்கொள்வது முறையன்று, சொத்தை அக்குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மணந்துகொள்ளலாம் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவ்வாறே செய்து, உமர் (ரலி) அவர்களை மணந்தார். திருமண விருந்தில் அலீ (ரலி) அவர்கள், முதற் கணவருக்காக ஆத்திகா பாடிய இரங்கற்பாவின் வரியை நினைவூட்ட, மணப்பெண் கண்ணீர் உகுத்தார். உமர் (ரலி) அவர்கள் அலீயைச் செல்லமாகக் கடிந்துகொண்டார்களேயன்றி, அழுத மனைவியைக் கடியவில்லை. கைம்பெண் தன் பழைய அன்பைப் புதைத்துவிட்டுத்தான் புது வீட்டில் நுழைய வேண்டும் என்று அச்சமுதாயம் எதிர்பார்க்கவில்லை.

ஆத்திகா வெறுங்கையுடன் அவ்வீட்டில் நுழையவுமில்லை. தம்மை அடிக்கலாகாது, உண்மையிலிருந்து தடுக்கலாகாது, மஸ்ஜிதுன் நபவியில் தொழுவதைத் தடுக்கலாகாது என நிபந்தனைகள் விதித்ததாக இப்னு ஹஜர் குறிப்பிடுகிறார். அவர் பள்ளிவாசலுக்குச் செல்வது உமருக்கு உவப்பாக இருந்ததில்லை. ஆத்திகா அனுமதி கேட்பார்; உமர் மௌனம் காப்பார். நேரடியாகத் தடுத்தாலன்றி நில்லேன் என்பார் ஆத்திகா. இறைவனின் அடிமைப் பெண்களை அவனது பள்ளிகளினின்றும் தடுக்கலாகாது என்ற நபிமொழி, கலீஃபாவின் நாவைக் கட்டியிருந்தது. ஹி. 23இல் (கி.பி. 644) வைகறைத் தொழுகையில் உமர் (ரலி) குத்தப்பட்டபோதும் ஆத்திகா அப்பள்ளியில்தான் இருந்தார் என்பது ஓர் அறிவிப்பு.

இத்தா காலம் கழிந்தபின் ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தார். அதே நிபந்தனைகளை அவரிடமும் விதித்தார். போர்க்களங்களில் புறங்காட்டாத அவ்வீரருக்கும் மனைவி இருளில் பள்ளிக்குச் செல்வது பிடிக்கவில்லை. வாக்கை மீறவும் மனமில்லை. எனவே ஒருநாள் இரவில் வழியில் மறைந்திருந்து, கடந்து சென்ற மனைவியை யாரோ அயலார்போல் தட்டிவிட்டு மறைந்தார். ஆத்திகா அதிர்ந்து திரும்பினார். பின்னர் பள்ளிக்குச் செல்லவில்லை. மனிதர் மனிதராக இருந்த காலத்தில் சென்றோம், இப்போது மக்கள் கெட்டுவிட்டனர் என்பதே அவர் சொன்ன காரணம்.

இதை வெறும் வேடிக்கையாகக் கடந்துவிட இயலாது. உமர் (ரலி) விரும்பாமலே உரிமையை விட்டுக்கொடுத்தார். ஸுபைர் (ரலி) வாக்கின் சொல்லைக் காத்தார். ஆனால் அதன் பயன் மனைவிக்குக் கிட்டாமற் போயிற்று. திருமண ஒப்பந்தத்தின் நிபந்தனைகளே நிறைவேற்றப்படுவதற்கு மிகவும் தகுதியானவை என்பது நபிமொழி. மனைவி விதிக்கும் நிபந்தனை கணவனை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஹன்பலி மத்ஹபு இதில் மற்றவற்றினும் விரிந்த இடம் தருகிறது. ஆயினும் சட்டம் எழுத்தைத்தான் காக்கவியலும், கருத்தைக் காக்க வேண்டியது இறையச்சமே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஹி. 36இல் (கி.பி. 656) ஜமல் போர்க்களத்தை விட்டு விலகிச் சென்ற ஸுபைர் (ரலி), வழியில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். அவருக்காகவும் ஆத்திகா இரங்கற்பா பாடினார். நேருக்கு நேர் நின்று பொர அஞ்சியவன் எனக் கொலைஞனைச் சாடினார். ஷஹீதாக விரும்புவோர் ஆத்திகாவை மணக்கட்டும் என மதீனாவில் பேசிக்கொண்டனராம். ஆனால் அவரைத் தீய சகுனமாக எவரும் ஒதுக்கவில்லை. அதன் பின்னும் அவரை மணக்க விரும்பியோர் இருந்தனர் என்றே நூல்கள் கூறுகின்றன.

கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும் என வரையறுத்த திருக்குர்ஆன் (2:234), அதன்பின் தம் விஷயத்தில் முறைப்படி அவர்கள் செய்வதில் குற்றமில்லை என்றும் கூறிவிட்டது. அந்த எல்லையைக் காலமெல்லாம் நீட்டுவதும், இளங்கைம்பெண் மறுமணம் புரிந்தால் அவளது முதல் அன்பையே ஐயுறுவதும் மார்க்கம் கற்பித்தவை அல்ல. மூவருக்காகக் கண்ணீர் சிந்திய ஆத்திகா (ரலி) அவர்களின் அன்பை நபித்தோழர் எவரும் ஐயுறவில்லை. நாம் யாரைப் பின்பற்றி நம் வீட்டுக் கைம்பெண்களை ஐயுறுகிறோம்?