உங்கள் ஊர் தன் காலில் நிற்குமா? அடிவாரத்துக்கு ஒரு கணக்கு

திருவண்ணாமலை என்றதும் பலருக்குக் கிரிவலம்தான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசுவது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், மலைமேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் குடிகொண்டிருக்கும் திருவண்ணாமலையை. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதும் 'தென்திருப்பதி' இது. இங்கிருந்து செண்பகத்தோப்பு, ராஜபாளையம், சேத்தூர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி நஞ்சையும் தென்னையும் மாந்தோப்பும் நிறைந்த ஊர்கள் வரிசையாக இருக்கின்றன.

'மலை பக்கத்தில் இருக்கு, கண்மாய் இருக்கு, மாடு இருக்கு. எங்களுக்கு என்ன குறை?' என்று இந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்வது வழக்கம். ஆனால், 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அடுத்து அப்படி ஒரு ஆண்டு வந்தால், உங்கள் குடும்பமும் ஊரும் எத்தனை மாதம் தாங்கும்? ஆறு கேள்விகளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் 'இருக்கிறது' என்றால் 2, 'பாதி' என்றால் 1, 'இல்லை' என்றால் 0 மதிப்பெண்.

1. தண்ணீர்

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருவது. தென்மேற்குப் பருவமழையை மலை மறைத்துவிடுகிறது. 800 மில்லிமீட்டர் என்றால், ஒரு ஏக்கரில் ஓராண்டில் விழும் தண்ணீர் 32 லட்சம் லிட்டர். இதில் எவ்வளவு உங்கள் வரப்புக்குள் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

500 சதுர அடி கூரையில் அடைமழைக் காலத்தில் மட்டும் சேதாரம் போக 15,000 லிட்டர் பிடிக்கலாம். குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர் வீதம் ஐந்து பேருக்கு ஆண்டுக்குத் தேவை 9,125 லிட்டர்தான். மூடிய தொட்டி ஒன்று இருந்தால் கோடைக் குடிநீர்க் கவலை பெருமளவு தீரும். கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் தூர்ந்திருக்கிறதா, மடையும் கலுங்கும் சரியாக இருக்கின்றனவா என்று புரட்டாசிக்குள் பார்த்துவிட வேண்டும். வரத்துக்கால் அடைபட்ட கண்மாய்க்கு மலை பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

2. சாப்பாடு

ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 40 கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 480 கிலோ. அதற்குச் சுமார் 740 கிலோ நெல் வேண்டும். சுமாரான விளைச்சலிலும் அரை ஏக்கர் நஞ்சை போதும். மாதம் 5 கிலோ பருப்புக்கு, மானாவாரி உளுந்தும் துவரையும் 30 சென்ட் போட்டால் சரியாக வரும். மாதம் 3 லிட்டர் எண்ணெய்க்கு ஆண்டுக்கு 130 கிலோ நிலக்கடலை வேண்டும். 20 சென்ட் நிலம் அதைக் கொடுத்துவிடும்.

ஆக, ஒரு ஏக்கரில் வயிற்றுப்பாடு முடிகிறது. நடப்பது என்ன? நிலம் முழுவதும் மக்காச்சோளமோ கரும்போ போடுகிறோம். தேங்காயை வியாபாரியிடம் போட்டுவிட்டு, பாமாயில் பாக்கெட் வாங்குகிறோம். பணப்பயிர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கான பங்கை ஒதுக்கிய பிறகு பணப்பயிர் போடுங்கள்.

3. தீவனம்

பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பாலுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஆனால் தவிடும் புண்ணாக்கும் வெளியிலிருந்து வந்தால், பால் காசு அதற்கே போய்விடும். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ வைக்கோல் என்றால், நான்கு மாதக் கோடைக்கு 600 கிலோ. இந்தப் போர் வீட்டில் இருக்கிறதா? வேலியோரம் அகத்தி, வேலிமசால் இருக்கிறதா? பத்து சென்ட் நிலத்தில் கோ.எஃப்.எஸ் 29 சோளம் இருந்தால் மறுதாம்பாகப் பலமுறை அறுக்கலாம்.

4. விதை

மக்காச்சோளமும் பருத்தியும் பெரும்பாலும் கம்பெனி விதைதான். அவற்றை எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்கு விதைத்தால் பழைய விளைச்சல் வராது. 2018-ல் படைப்புழு வந்தபோது, மக்காச்சோளத்தை மட்டும் நம்பியவர்கள் பட்ட பாடு தெரியும். நெல், உளுந்து, பாசிப்பயறு, கீரை, சுரை, அவரை விதைகளையாவது நன்கு காயவைத்து, வேப்பிலையோடு காற்றுப் புகாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஆபத்து

நம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. புயல் அலை பயமில்லை. ஆனால் மலையில் பெய்தால் ஓடை சில நிமிடங்களில் பொங்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அது அதிகம். ஓடைக்கரையில் மாட்டுக் கொட்டகை போடாதீர்கள்.

இன்னொன்று, காட்டு விலங்குகள். 2021 முதல் மேகமலையோடு சேர்ந்து இந்தக் காடு புலிகள் காப்பகம். பன்றியும் யானையும் தோப்புக்குள் வருவது இங்கே புதிதல்ல. மின்வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். மனித உயிரும் போகும். பயிர்ச் சேதத்தைப் படம் எடுத்து வனத்துறையில் மனு கொடுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள், வயலில் தண்ணீர் தேங்கிச் சேதம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பேரிடருக்கு 1077, கால்நடைக்கு 1962 எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

6. ஆள்பலம்

கரண்ட் இரண்டு நாள் இல்லையென்றால் யார் வீட்டில் கைப்பம்பு இருக்கிறது? பிரசவ வலி வந்தால் வண்டி யாரிடம்? தனியாக இருக்கும் முதியவர்களை யார் போய்ப் பார்ப்பது? தனி வீடு எவ்வளவு சேர்த்து வைத்தாலும், ஊர் கூடாமல் கண்மாய் உடைப்பை அடைக்க முடியாது. முன்பு குடிமராமத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தது இதற்காகத்தான்.

மதிப்பெண் எவ்வளவு?

12-க்கு 9-க்கு மேல் என்றால் ஒரு வறட்சியைத் தாங்குவீர்கள். 5 முதல் 8 வரை என்றால் எது 0 என்று பார்த்து, இந்தப் பட்டத்திலேயே அதைத் தொடங்குங்கள். 5-க்குக் கீழே என்றால் முதலில் தண்ணீர்த் தொட்டியும் வைக்கோல் போரும்.

அடிவாரத்து ஊர்களின் பலம் மண்ணும் மாடும். பலவீனம், பருப்பும் எண்ணெயும் விதையும் வெளியிலிருந்து வருவது. இரண்டாவதை வீட்டிலேயே சரிசெய்யலாம். வரத்துக்காலும் கலுங்கும் மட்டும் ஊர் வேலை. அடைமழைக்கு முன்பாக அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. எந்தக் கால்வாய், எத்தனை மீட்டர் தூர்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போய், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.