திருமலை முடியும் யூதத் தொல்சட்டமும்

திருமலையில் மழிக்கப்பட்ட முடியால் செய்த பொய்முடிகளை யூதப் பெண்கள் அணியலாகாது என்று ஜெருசலேமின் முதுபெரும் சட்ட அறிஞர் யோசேப் ஷாலோம் எலியாஷிவ் 2004 மே மாதத்தில் தீர்ப்பளித்ததும், ஜெருசலேமிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் பொய்முடிகள் தெருவில் குவித்து எரிக்கப்பட்டன. மணமான பெண் தன் கூந்தலை மறைக்க வேண்டும் என்பது ஹலாகா எனப்படும் யூத வாழ்வியல் சட்டத்தின் விதி. அதற்கெனப் பலர் அணியும் பொய்முடி 'ஷைத்தல்' எனப்படுகிறது. திருமலைக் கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம் ஏலம் விடும் காணிக்கை முடி, வணிகர் கைமாறி அந்த ஷைத்தல்களில் சேர்ந்திருந்தது.

தடையின் வேர், கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பிலும் அதன் விரிவுரையான தல்மூதிலும் உள்ள 'அவோதா ஸாரா' பகுதியில் இருக்கிறது. வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த பொருளால், விற்றுப் பெறும் பணம் உட்பட, எப்பயனும் அடையக்கூடாது என்று கூறும் அச்சட்டம், எது படையல் என்பதை மிக நுணுக்கமாக வரையறுக்கிறது. ஜெருசலேம் ஆலயத்தில் படைக்கப்பட்டவற்றை ஒத்த பொருளாகவோ பலியிடுதலை ஒத்த செயலாகவோ அது இருக்க வேண்டும். குச்சியால் வழிபடப்படும் தெய்வத்தின் முன் ஒருவர் குச்சியை முறித்தால், அந்த முறித்தலே பலிக்கு நிகராகும் என்கிறது தல்மூத்.

முடி மழித்தலும் அத்தகையதா என்பதற்கான விடை ஏட்டில் இல்லை, திருமலையில் முடி மழிக்கப்படும் இடமான கல்யாணக்கட்டையில்தான் கிடைக்கக்கூடும். மழித்தல் வேறு, படைத்தல் வேறு என்ற விளக்கத்தின்பேரில் எலியாஷிவ் முன்னர் தடை விதிக்காமலிருந்தார். 2004இல் லண்டன் யூதச் சமய நீதிபதி ஆரோன் டேவிட் டன்னர் நேரில் வந்து விசாரித்து, மழித்தல் வேங்கடவனுக்குச் செய்யும் வழிபாடே என்று தெரிவித்தபின் எலியாஷிவின் நிலை மாறியது. மூலவர் சந்நிதிக்கு வெளியே மழிக்கப்படும் முடி சந்நிதியில் வைக்கப்படுவதே இல்லை என்பது தடையை ஏற்காத அறிஞர்களின் வாதம்.

வேற்றுத் தெய்வம் என்ற வகைப்பாடு இங்குள்ள பக்தரை வருத்தக்கூடும். ஆயினும், பிள்ளைக்கு நோய் தீர்ந்ததென்று வேண்டுதலாக முடியிறக்கும் தாயின் செயலைப் படைத்தலன்று, வெறும் மழித்தலே என்று குறைத்துக் காணும் இளக்கமான கருத்தைவிட, அந்த முடி தெய்வத்துக்கு உரியதாகிவிட்டது என்று கொண்ட கடுமையான தீர்ப்பே பக்தர் உள்ளத்துக்கு நெருக்கமானது. நீளாதேவி என்னும் கந்தர்வப் பெண் தன் கூந்தலைப் பெருமாளுக்கு அளித்ததாகச் சொல்லப்படும் கதையும் அதையே உணர்த்துகிறது.

கருத்து வேறுபாடு தீராத நிலையில், முடி இந்தியாவிலிருந்து வந்ததன்று என்னும், யூத மதகுருக்களான ரபிகளின் சான்றிதழோடு ஷைத்தல்கள் விற்கப்படும் வழக்கம் உருவாகியிருக்கிறது.