சாக்கெட்டுக்குள் ஒரு எட்டு!

வாங்க, வாங்க! செருப்பை வெளியே விட்டுவிட்டு லினக்ஸ் கெர்னலுக்குள் ஒரு எட்டு போய் வருவோம். தள்ளாமல் வரிசையில் வாருங்கள். இங்கே எல்லாமே வரிசைதான். இதோ பாருங்கள், டிசிபி சாக்கெட்டின் ரிசீவ் பஃபர்! கம்பி வழியே வந்த பைட்டுகளெல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும் இடம். சி நிரலில் நீங்கள் ரிசீவ் என்று கூப்பிட்டதும் கதவு திறப்பது இங்கேதான்.

இப்போது ஒரு வேடிக்கை. அந்தப் பக்கத்துக்காரர் சென்டை மூன்று முறை அழைத்து மூன்று செய்திகள் அனுப்புகிறார். இந்தப் பக்கம் எத்தனை ரிசீவில் வந்து சேரும்? மூன்று என்றீர்களா? ஒன்றில் வரலாம். ஐந்தில் வரலாம். முதல் செய்தியும் இரண்டாவதில் பாதியும் ஒட்டிக்கொண்டு வரலாம்! மூன்று குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, எது எந்தக் குடத்துத் தண்ணீர் என்று தொட்டியிடம் கேட்டால் அது பாவம், என்ன செய்யும்? 1981-இன் விதி ஆவணமான ஆர்எஃப்சி 793 முதல் 2022-இன் ஆர்எஃப்சி 9293 வரை டிசிபி தரும் வாக்கு ஒன்றுதான்: இணைப்பு உயிரோடு இருக்கும்வரை பைட் தொலையாது, வரிசை மாறாது. செய்தி எங்கே முடிகிறது என்பது உங்கள் பாடு.

என் மடிக்கணினியில் ஒழுங்காகத்தானே ஓடுகிறது என்பீர்கள். குறும்பே அங்கேதான்! லினக்ஸின் லூப்பேக்கில் ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 65,536 பைட். ஈதர்நெட்டில் வெறும் 1,500. தலைப்புகள் போக டிசிபிக்கு மிஞ்சுவது 1,460. வீட்டுக்குள் முழுசாக வந்த செய்தி, தெருவில் இறங்கியதும் துண்டு துண்டாகிறது.

இந்தக் கூத்தில் என் செல்லம் டிஎன்எஸ். டிசிபியில் போகும் ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் இரண்டே இரண்டு பைட்டில் அதன் நீளத்தை எழுதச் சொன்னது 1987-இன் ஆர்எஃப்சி 1035. அழகான ஏற்பாடு! ஆனால் அந்த இரண்டு பைட்டும்கூடத் தனித்தனியாக வரலாம். 2016-இல் ஆர்எஃப்சி 7766 வந்து, நீளத்தையும் செய்தியையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள் என்று பரிந்துரைத்தது. ஏன் தெரியுமா? முதல் துண்டிலேயே எல்லாம் வராவிட்டால் இணைப்பையே அறுத்துவிடும் சர்வர்கள் இருந்தனவாம். ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்தும்!

சரி, துண்டுகளைச் சேர்க்கும் உங்கள் நிரலின் இயந்திர அறைக்குப் போவோம். உள்ளே இருப்பது ஒரு குட்டி லூப். டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் தன் யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங் புத்தகத்தில் இதற்கு ரீட்என் என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு வந்தது என்று பார்த்து, பஃபரில் அவ்வளவு தள்ளிப் போய், மீதியைக் கேட்கும். 0 வந்தால் எதிராளி கடையைக் கட்டிவிட்டார். -1 வந்தால் எர்ர்நோவைப் பாருங்கள். ஈஇன்டர் என்றால் சிக்னல் ஒன்று குறுக்கே வந்திருக்கிறது, மறுபடி கேட்டால் போதும். முதலில் நீளத்துக்கான இரண்டு பைட் கேட்டு, என்டிஓஹெச்எஸ்ஸால் அதை நம் கணினியின் பைட் வரிசைக்கு மாற்றி, பிறகு அந்த அளவுக்கு மறுபடி அதே லூப். அவ்வளவுதான் ரகசியம்!

மூலையில் எம்எஸ்ஜி_வெயிட்ஆல் என்றொரு கொடி சிரிக்கிறது: முழுசும் வரும்வரை நானே காத்திருக்கிறேன் என்று. நம்பி லூப்பைத் தூக்கி எறியாதீர்கள். சிக்னல் வந்தால் அதுவும் பாதியோடு திரும்பும். பக்கத்திலேயே எம்எஸ்ஜி_பீக், எடுக்காமல் எட்டிப் பார்க்க மட்டும். நம்மைப் போல!

சொந்தமாக நான்கு பைட் நீளம் வைக்கிறீர்களா? எதிராளி 4 ஜிபி என்றுகூடச் சொல்லலாம். மாலக்கை அழைக்குமுன் ஓர் உச்சவரம்பு போடுங்கள். வந்ததன் கடைசியில் ரிசீவ் சுழி பைட் வைத்துத் தராது. எடுத்த எடுப்பில் எஸ்டிஆர்லென்னை அழைக்காதீர்கள்.

கிளம்புமுன் ஒரு வேண்டுகோள்: சிறு துண்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்பும் நேகிள் வழிமுறையை அணைத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒவ்வொரு பைட்டாக அனுப்பும் ஒரு கிளையன்டை இன்றைக்கே எழுதி, உங்கள் சர்வர்மேல் ஏவிப் பாருங்கள்.